பாலம் கொடுக்கும் அபாயக் குரல்! கேட்கிற காது இருக்கிறதா?

பழைய பாலம் பெரும்பாலும் சொல்லாமல் விழுவதில்லை. விழுவதற்கு முன்னால் முனகும். வழக்கத்துக்கு மேல் ஆடும். அந்த முனகலைப் பிடிக்கக் கருவி வந்துவிட்டது. ஆனால், கருவி சொன்னதும் "நிறுத்து" என்று உத்தரவு போட ஒரு ஆள் வேண்டுமே!

இதற்கு நம் பாம்பன் பாலமே சாட்சி. 1914-ம் ஆண்டு கடலுக்கு நடுவே கட்டிய ரெயில் பாலம் அது. உப்புக்காற்று இரும்பை அரித்துக்கொண்டே வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியோடு பாலத்தில் சென்சார் கருவிகள் பொருத்தப்பட்டன.

2022-ம் ஆண்டு டிசம்பரில் அந்தக் கருவிகள் சிவப்பு எச்சரிக்கை காட்டின. உடனே பிரயாணிகள் ரெயில் நிறுத்தப்பட்டது. ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதுப் பாலம் திறக்கும் வரை, இரண்டு வருஷத்துக்கு மேல் இந்த அவதி. ஆனால் ரெயில் எதுவும் கடலில் விழவில்லை!

பானையைச் சுண்டுவது போல...

கருவி என்ன செய்கிறது? சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை "கணீர்" என்னும். கீறல் பானை "பொத்"தென்று ஒலிக்கும். அதே சங்கதிதான் இது.

ரெயிலோ லாரியோ ஏறினால் பாலம் அதிரும். விநாடிக்கு இத்தனை தடவை என்று ஒவ்வொரு பாலத்துக்கும் சொந்த அதிர்வு உண்டு. பாலம் பலம் இழந்தால் அந்த எண்ணிக்கை குறையும். ஒரு கருவி இந்த அதிர்வை அளக்கும். இன்னொரு கருவி, இரும்பு தலைமுடி கனத்துக்கும் குறைவாக நீண்டால்கூடக் கண்டுபிடித்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகும. அங்கே அதே பாலத்தின் நகல் எண்களால் கட்டப்பட்டிருக்கும். "இந்தப் பாரத்துக்கு, இந்த வெயிலுக்கு இவ்வளவுதான் ஆட வேண்டும்" என்று நகல் சொல்லும். நிஜப் பாலம் அதற்கு மேல் ஆடினால் ஆபத்து!

43 பேர் பலி

சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? இத்தாலி நாட்டு ஜெனோவா நகரம் பதில் சொல்லும். அங்கே 1967-ல் திறந்த மொராண்டி பாலத்தைத் தாங்கிய இரும்புக் கம்பிகள் கான்கிரீட்டுக்குள் மறைந்து கிடந்தன. துரு பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

2017-ல் மிலான் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நிபுணர்கள் அளந்து பார்த்தார்கள். கம்பிகளின் அதிர்வு எதிர்பார்த்தபடி இல்லை. கம்ப்யூட்டர் மாதிரி செய்து சோதியுங்கள், நிரந்தரமாகக் கருவி வையுங்கள் என்று யோசனை சொன்னார்கள். கருவி வந்து சேரவில்லை. 2018 ஆகஸ்டு 14-ந் தேதி, கொட்டும் மழையில் பாலம் இடிந்தது. 43 பேர் செத்தார்கள். 2020-ல் அங்கே திறந்த புதுப் பாலத்தில் சென்சார்கள் இருக்கின்றன. உயிர்கள் போன பிறகு வந்த புத்தி!

கருவி மட்டும் போதுமா?

போதாது. பொருத்தின இடத்தைத்தான் கருவிக்கு நன்றாகத் தெரியும். பத்தடி தள்ளி ஒரு விரிசல் விட்டால் தெரியாமலே போகலாம். ஆற்றுக்குள் தூணைச் சுற்றி மண் அரிப்பதைப் பார்க்கத் தனி ஏற்பாடு வேண்டும். சுத்தியலோடு போய்த் தட்டிப் பார்க்கும் என்ஜினீயர் இன்றைக்கும் தேவை.

அதைவிட முக்கியம் ஒன்று. எந்த அளவைத் தாண்டினால் பாலத்தை மூடுவது? யார் உத்தரவு போடுவது? கருவி பொருத்துகிற அன்றைக்கே இதை எழுதி வைத்துவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு, "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று பைல் நகர்ந்துகொண்டிருந்தால், கருவிக்குக் கொட்டிய பணம் தண்டம்!

பாலத்தை மூடினால் ஜனங்கள் திட்டுவார்கள். ஆபீசுக்கு லேட்டாகும், கடையில் வியாபாரம் படுக்கும். திட்டினால் திட்டட்டும். திட்டுவதற்கு உயிரோடு இருப்பார்கள் அல்லவா?