சோறு மெல்லப் பல் வேண்டும்!

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். சொல் மட்டுமா? சோற்றின் ருசியும் போச்சு!

சுவீடன் நாட்டு டாக்டர் பிரோனெமார்க், 1952-ம் ஆண்டில் முயலின் கால் எலும்பில் டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆன கருவியைப் பொருத்தி ஆராய்ந்தார். பிறகு அதைக் கழற்ற முடியவில்லை. எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டது!

1965-ல் பல் இழந்த ஒருவரின் தாடையில் டைட்டானியம் திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் பல் கட்டினார். அது அந்த மனிதர் சாகும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

ஆனால் இன்றும் இந்தச் சிகிச்சைக்குச் செலவு அதிகம். பணக்காரர் மட்டும் மென்றால் போதுமா? அரசாங்கப் பல் ஆஸ்பத்திரிகளில் ஏழைக்கும் இது எட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: புகை பிடித்தாலும், துலக்காமல் விட்டாலும் பதித்த பல்லும் ஆட்டம் காணும்.

சொந்தப் பல்லுக்கு ஈடு இல்லை. இருப்பதைக் காப்போம்!