கைகட்டி நிற்கும் பிள்ளைகள்

கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளில், வாங்க வந்தவரும் தரகரும் எதிரெதிரே நின்று, இருவர் கைகளையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, வாய் திறவாமல் விரல்களைப் பற்றியும் விட்டுமே ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலை முடிக்கும் வழக்கத்தைக் குண்டடம் வட்டாரத்துப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். சுற்றி நிற்பவருக்கு விலை தெரியலாகாது என்று மனிதர் வகுத்துக்கொண்ட அந்தச் சங்கேதம் வியப்புக்குரியதே. எனினும், பேரம் படிந்து துண்டை உதறித் தோளில் போட்ட பிறகு, அதே தரகர் காளையின் கொம்பையும் திமிலையும் சுழியையும் வருணிக்கையில், எவரும் கற்பியாமலே அவருடைய கை காற்றில் அவற்றை வரைந்து செல்வதே எனக்குப் பெரிய விசேஷமாகத் தோன்றுகிறது.

இந்தச் சைகை கேட்பவருக்காக மட்டும் எழுவதன்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் கையசைப்பதை ஒருநாளும் கண்டிராத, பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகள், எதிரே இருப்பவரும் பார்வையற்றவர் என்று அறிந்திருந்தும் கைகளை அசைத்தே பேசினார்கள்.

உயரமான தம்ளரிலுள்ள தண்ணீரை அகன்ற கிண்ணத்தில் ஊற்றி, அளவு மாறிற்றா என்று சிறு பிள்ளையைக் கேட்டால், "குறைந்துவிட்டது, உயரம் இல்லையே" என்று வாய் பிழையாகச் சொல்லும்போதே விரல்கள் கிண்ணத்தின் அகலத்தைக் காட்டுவதுண்டு. வாய்க்கு வந்து சேராத அறிவு கைக்கு வந்துவிட்டது. இத்தகைய பிள்ளைகளே, பின்னர்ச் சொல்லிக் கொடுத்தபோது, மற்றவரைவிட நன்றாகத் தேறினார்கள் என்று கோல்டின்-மெடோவும் அவருடைய சகாவும் 1986-இலேயே எழுதினார்கள். கணக்கை விளக்கும்போது கையசைக்கச் சொல்லப்பட்ட பிள்ளைகள், அசைக்கலாகாது என்று தடுக்கப்பட்டவர்களைக் காட்டிலும் அடுத்த பாடத்தில் அதிகம் கற்றார்கள் என்பது 2007-இல் வெளிவந்த ஆய்வின் முடிவு.

நம் வகுப்பறைகளிலோ, "கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்" என்பதே இன்றும் பல இடங்களில் கட்டளையாக இருக்கிறது. பெரியோர்முன் கைகட்டி நிற்கும் மரியாதையை நான் இகழத் துணியேன். ஆனால் வணங்கும் நேரம் வேறு, விடை தேடும் நேரம் வேறு. விடியலில் பனியன் கம்பெனி பஸ் ஏறி இருட்டிய பின் திரும்பும் தாய் தந்தையரிடம் பாடம் கேட்க வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு, வகுப்பில் கிடைக்கும் நேரமே முழுச் சொத்து. ஆகையால் குண்டடம் ஒன்றியத்து ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்: பிள்ளை திணறும்போது கட்டிய கையை அவிழ்க்கச் சொல்லுங்கள்; அந்தக் கை எதைக் காட்டுகிறதென்று பார்த்து, பாடத்தை அங்கிருந்தே தொடருங்கள்.