கயிற்றைப் பிடித்தது யார்?

கீழவைப்பார் கடற்கரை மணலில் சாயங்காலம் பந்தாடும் பையன்களைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். முடிந்ததும், ஜெயித்த பக்கம் "மாதா கைவிடலை" என்று துள்ளும். தோற்ற பக்கத்துப் பையன் மணலைப் பார்த்தபடி நிற்பான். அவனும் அதே மாதாவிடம்தான் வேண்டினான். அவனுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

விளையாட்டில் வெற்றி தோல்வியைக் கடவுளே முடிவு செய்கிறார் என்ற பேச்சு எங்கும் உண்டு. நான் கடவுளை நம்புகிறவன். நம்புகிறவனாகவே அந்தப் பேச்சை மறுக்கிறேன். அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம்: "ஜெயித்தவர்களே அப்படிச் சொல்கிறார்களே!"

சொல்கிறார்கள். 2025 அக்டோபர் 30 அன்று நவி மும்பையில் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா எடுத்த 338 ரன்களை இந்தியா 48.3 ஓவரில் தாண்டியது. ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்த ஜெமிமா ரோட்ரிக்ஸ் கண்ணீரோடு இயேசுவுக்கு நன்றி சொன்னார். அந்த நன்றி உண்மையானது. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் நன்றி வேறு, சாட்சியம் வேறு. அன்று எதிர்முனையில் நின்று 89 ரன் எடுத்தவர் ஹர்மன்பிரீத் கவுர். இருவரும் சேர்ந்து எடுத்தவை 167 ரன்கள். அதே தொடரில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஜெமிமா அணியில் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர் திரும்பி வந்து இப்படி ஆடினார் என்றால், அதற்குப் பின்னால் எத்தனை வருடப் பயிற்சி இருக்கும்! இன்னொன்றையும் யோசியுங்கள். ஜெயித்தவரிடம்தான் மைக்கை நீட்டுகிறோம். வேண்டிக்கொண்டு தோற்றவரிடம் யாரும் கேட்பதில்லை. வரவை மட்டும் எழுதிய கணக்கு கணக்காகாது.

இரண்டாவது காரணம்: "அந்த ஒரு நொடித் திருப்பம் மனிதச் செயலா?"

அதே அரையிறுதியில் ஜெமிமா 82 ரன்னில் இருந்தபோது ஆஸ்திரேலியாவின் அலிசா ஹீலி ஒரு கேட்ச்சைத் தவறவிட்டார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகச் சதுரங்கப் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தில், டிங் லிரன் தம் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 18 வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். இவற்றைக் கடவுளின் கை என்கிறார்கள். அப்படியானால் ஹீலியின் கையைத் தட்டிவிட்டதும், டிங்கின் கண்ணை மறைத்ததும் கடவுள்தானா? ஒருவரைத் தூக்கிவிட இன்னொருவரை இடறவைக்கும் கடவுளை நம் வீட்டுப் பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தரவில்லை. சமனில் முடிந்திருக்கக்கூடிய அந்த ஆட்டத்தைக் குகேஷ் விடாமல் ஆடினார். பல நாள் களைப்பும் மணிக்கணக்கான அழுத்தமும் சேர்ந்த இடத்தில் டிங் தவறினார். விளக்கத்துக்கு இது போதும்.

'கடவுளின் கை' என்ற பெயரே எங்கிருந்து வந்தது? 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோவில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் பந்தைத் தட்டி கோல் போட்டார். நடுவர் அதைப் பார்க்கவில்லை. மனிதக் கண் தவறவிட்டதற்கு ஆட்டக்காரர் சூட்டிய பெயர் அது. வீடியோ நடுவர் இருக்கும் இன்று அந்தக் கோல் செல்லாது.

மூன்றாவது காரணம்: "மனமுருகி வேண்டினால் பலிக்கும். பலிக்கவில்லை என்றால் பக்தி போதவில்லை."

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த ஆண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்காக நாடு முழுக்க யாகம், பூசை, தொழுகை, ஜெபம் எல்லாம் நடந்தன. தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்த இந்தியா 240 ரன்னில் சுருண்டது. டிராவிஸ் ஹெட்டின் 137 ரன்னோடு ஆஸ்திரேலியா கோப்பையை எடுத்துப் போனது. இத்தனை கோடிப் பேரின் பக்தி போதவில்லையா? ஜெயித்தால் அருள், தோற்றால் பக்திக் குறை என்று இரண்டு வழியும் வைத்துக்கொண்டால் எந்த முடிவையும் அதற்குள் அடைத்துவிடலாம். கடற்கரைக்காரர்களுக்கு இதைவிட வலிக்கும் கேள்வி ஒன்று உண்டு. 2017 ஒக்கிப் புயலில் கடலிலிருந்து திரும்பாதவர்களின் வீடுகளிலும் விடிய விடிய ஜெபமாலை சொன்னார்கள். அவர்களிடம் போய், கடவுள் அன்று கேட்கவில்லை, ஆனால் ஒரு கேட்ச்சுக்காக இறங்கி வருவார் என்று நம்மால் சொல்ல முடியுமா?

நான்காவது காரணம்: "முன்னோர் அனுபவம் பொய்யா?"

முத்துக்குளித்துறையின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு இப்படி மந்திரிப்பவருக்குப் போனது என்று மார்க்கோ போலோ எழுதினார். பிறகு வெள்ளையர் அரசும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தது. அந்த மந்திரம் தந்த துணிச்சலில் குளியாளி கடலில் இறங்கினார். சரி. ஆனால் முத்து கிடைத்ததா இல்லையா என்பதைப் பாரில், அதாவது கடலடித் திட்டில், சிப்பி இருந்ததா என்பதே முடிவு செய்தது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடிப் பக்கம் சலாபமே நடக்கவில்லை. ஜெபம் நிற்கவில்லை, பாரில் சிப்பி இல்லாமல் போனது.

அதே குளியாளி இன்னொன்றும் செய்தார். தம் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில் கொடுத்தார். தங்கை தாலியறுக்க அண்ணன் விடமாட்டான் என்ற கணக்கு. எங்கள் பக்கம் இப்படித்தான் விளக்கம் சொல்வார்கள். சிலுவை நிற்கும் குருசடியில் கும்பிட்டுவிட்டு, உயிரை நம்பகமான கையில் ஒப்படைத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் அனுபவம் பொய்யில்லை. அதில் பாதியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

கடைசிக் காரணம்: "அப்படியென்றால் ஜெபம் வீணா?"

வீணில்லை. ஜெபம் மூச்சைச் சீராக்கும், பயத்தை அடக்கும், தோல்வியைத் தாங்கும் மனதைத் தரும். அது வேண்டுகிறவருக்குள் வேலை செய்கிறது. எதிராளியின் காலிலோ நடுவரின் கண்ணிலோ வேலை செய்வதில்லை. கண்மூடி வேண்டிக்கொண்டு பலகையின் முன் உட்காரும் குகேஷுக்கும், மகனோடு ஊர் ஊராகப் போக மருத்துவத் தொழிலை நிறுத்திய தந்தை இருந்தார், ஆட்டம் சொல்லிக்கொடுத்த கஜேவ்ஸ்கி இருந்தார், மனப்பயிற்சி தந்த பேடி அப்டன் இருந்தார். கயிறு பிடித்த கைகள் அவை.

எல்லாவற்றையும் கடவுள் மேல் ஏற்றிவிட்டால் அந்தக் கைகள் மறைந்துபோகும். ஒழுங்கான மைதானம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும் என்று கேட்கவும் நமக்குத் தோன்றாது.

எனவே என் வேண்டுகோள் இது. ஜெயித்த பிள்ளை மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றட்டும். ஏற்றிய கையோடு, பந்தைக் கடத்திக் கொடுத்த கூட்டாளியின் பெயரையும் சொல்லட்டும். தோற்றுப்போய் மணலைப் பார்த்து நிற்கும் பிள்ளையின் தோளில் கை போட்டு நாம் சொல்வோம்: "மக்கா, மாதா உன்னையும் கைவிடலை. இன்னைக்கு அவங்க நல்லா ஆடினாங்க. நாளைக்கு விடியக்காலம் வா, பழகுவோம்."