கடலுக்கடியில் தூங்கும் பயம்: காலடிப்பேட்டைக்குத் தெரிந்த 'காஸ்மிக் ஹாரர்'!

பேய்க் கதை என்றால் நமக்கு ஒரு கணக்கு உண்டு. பேய்க்கு யார் மேலாவது பழி இருக்கும். பூசாரி வந்து வேப்பிலை அடித்தால் அடங்கிவிடும். 'காஸ்மிக் ஹாரர்' என்கிற பிரபஞ்சத் திகில் கதைகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வருகிற பூதத்துக்கு உங்கள் மேல் கோபமே கிடையாது. நீங்கள் ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. நடந்து போகிறவர் காலில் எறும்பு நசுங்குகிற மாதிரிதான். அதனால்தான் பயம் அதிகம்!

இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் அமெரிக்க எழுத்தாளர் எச்.பி.லவ்கிராஃப்ட். 1928-ல் 'வியர்டு டேல்ஸ்' என்ற மலிவு விலை பத்திரிகையில் அவருடைய 'தி கால் ஆஃப் கதுல்ஹு' கதை வந்தது. பசிபிக் கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு நகரம், அதற்குள் தூங்கும் ஒரு பிரமாண்ட உருவம். இதுதான் கதை.

1937-ல், 46 வயதில், வறுமையில் இறந்துபோனார் லவ்கிராஃப்ட். அவருடைய எழுத்தில் இனவெறி அப்பட்டமாக இருக்கிறது. இன்றைய வாசகர்கள் அதைக் கண்டித்துக்கொண்டேதான் படிக்கிறார்கள். அப்படியும் இந்த வகை சாகவில்லை. ஒரு காரணம், தான் படைத்த தெய்வங்களையும் மந்திரப் புத்தகங்களையும் நண்பர்கள் தங்கள் கதைகளில் எடுத்தாள அவரே உற்சாகப்படுத்தினார். ஒருவர் ஆரம்பித்த கதையை இன்றுவரை பலர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான விஷயம் ஒன்றும் அந்தக் கதையில் இருக்கிறது. லெமூரியா பற்றிய ஒரு புத்தகத்தின் பெயர் அதில் வருகிறது. 1864-ல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த பெயர்தான் லெமூரியா. லெமூர் இன விலங்குகளின் தடயம் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்பதற்கு அவர் சொன்ன விளக்கம், நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியது என்பது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு விஞ்ஞானம் அதைக் கைவிட்டுவிட்டது. ஆனால், தமிழ்நாட்டில் அந்தப் பெயர் குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அமெரிக்கக் கதைக்காரருக்கு மூழ்கிய நிலம் பயம். நமக்கோ அது பறிபோன தாய்வீடு.

அந்தத் தாய்வீட்டையும் திகிலாக்கிக் காட்டியவர் புதுமைப்பித்தன். இரண்டாம் தமிழ்ச் சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும், கடல் கொண்ட ஊரின் பெயரில் 'கபாடபுரம்' என்றே ஒரு சிறுகதை எழுதினார். 'காஞ்சனை', 'பிரம்ம ராக்ஷஸ்' கதைகளும் இதே குடும்பம்தான். படித்து முடித்த பிறகும் என்ன நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சரி, கடல் ஊரைக் கொள்வது பழங்கதை மட்டும்தானா? காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்து பாருங்கள். கரை நெடுக அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடுகளையும் தெருக்களையும் கடல் எடுத்துக்கொண்ட கதை பெரியவர்களுக்குத் தெரியும். "முன்னாடி அங்கதான் தெரு இருந்துச்சு" என்று அலையைக் கை காட்டுவார்கள்.

இதற்குக் காரணம் தூங்கும் பூதம் அல்ல. கரையோரமாக வடக்கே போகும் மணலைச் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர் மறித்துவிட்டது. அதனால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே கரை கரைந்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. சரியாக 19 வருடம் கழித்து, 2023-ல் அதே டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர் பெரியகுப்பம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தொண்டையைப் பிடிக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள் மக்கள். பலர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

கடலிலிருந்து வரும் இனம் தெரியாத பயம், நாம் இருப்பதையே கண்டுகொள்ளாத பெரிய சக்தி... எல்லாமே லவ்கிராஃப்ட் கதைதான். ஒரே ஒரு வித்தியாசம். கதுல்ஹு மேல் யாரும் மனு கொடுக்க முடியாது. எண்ணூர் மக்கள் மறுநாளே வீதியில் உட்கார்ந்து போராடினார்கள். குழாய்க்கு உரிமையாளர் உண்டு, அனுமதி கொடுத்த அலுவலகம் உண்டு.

உலகம் முழுக்க இந்தக் கதைகள் ஓடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். புயல், தொற்றுநோய், விஷவாயு என்று நம் கைமீறிய பெரிய விஷயங்களை நினைத்தால் மனசு மரத்துப்போகிறது. கதை அந்தப் பயத்துக்கு ஓர் உருவம் கொடுத்து, பத்துப் பக்கத்தில் அடக்கிக் கையில் தருகிறது. புத்தகத்தை மூடிவிட்டு, நிஜத்தில் யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்று யோசிக்கத் தெம்பு வருகிறது.

புதுமைப்பித்தன் படைப்புகள் நாட்டுடைமையானவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் 'காஞ்சனை'யைப் படியுங்கள். ராத்திரி தனியாகப் படிப்பதா வேண்டாமா என்பது உங்கள் தைரியம்!