மாரடைப்பு என்று மூடிவிட்ட கணக்குகள்

நெஞ்சறைப் பெருநாடியின் உட்சுவர் கிழியும் நோயை அவசர சிகிச்சைப் பிரிவுகள் உரிய நேரத்தில் இனங்காணத் தவறுவது குறித்து, இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு 2020 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, இந்நோயைச் சந்தேகிக்கும் வேளையில் எப்படிச் செயற்பட வேண்டும் என்ற வழிகாட்டலும் வந்தது. இது வைத்தியர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இதில் நமது பங்கும் இருக்கிறது.

இதயத்திலிருந்து குருதியை உடலெங்கும் கொண்டுசெல்லும் பெருங்குழாய்தான் பெருநாடி. அது கிழியும்போது வலி திடீரென்று, ஆரம்பத்திலேயே உச்சமாக வரும். முதுகுக்கு நகரலாம், சற்று நேரத்தில் தணிந்தும் விடலாம். ஈ.சி.ஜி.யும் எக்ஸ்றேயும் வழமைபோல இருக்கக்கூடும். நிச்சயப்படுத்துவது சி.ரி. ஸ்கான்தான். மாரடைப்பு என்று நினைத்து குருதி உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். அமெரிக்க நடிகர் ஜோன் ரிட்டர் 2003இல் முதலில் மாரடைப்புக்கே சிகிச்சை பெற்றார். அன்றிரவே பெருநாடி கிழிவால் இறந்தார்.

இதயத்தை ஒட்டிய மேலேறும் பகுதி கிழிந்தால் உடனே சத்திரசிகிச்சை வேண்டும். கீழிறங்கும் பகுதி மட்டும் என்றால், சிக்கல் இல்லாதவரை, பிறஷரைக் குறைக்கும் மருந்துகளோடு கண்காணிப்பார்கள். கிழியாமல் வீங்கியிருந்தால் காலத்துக்குக் காலம் ஸ்கான் எடுத்து அளப்பார்கள். மேலேறும் பகுதி 5.5 சென்ரிமீற்றரை எட்டினால் பொதுவாகச் சத்திரசிகிச்சை. மார்ஃபன் போன்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு அதற்கு முன்னரே.

ஆனால் வீக்கம் பெரும்பாலும் வலி தராது. இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களுக்குச் செய்யும் பரிசோதனை வயிற்றுப் பகுதிப் பெருநாடியை மட்டுமே பார்க்கிறது. நெஞ்சுப் பகுதிக்கு அப்படியொரு பொதுப் பரிசோதனை கிடையாது. ஆகவே குடும்ப வரலாறுதான் முக்கிய தடயம். இந்நோய் உள்ளவரின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளையும் ஸ்கான் செய்து பார்க்கும்படி 2022இன் அமெரிக்க வழிகாட்டல் சொல்கிறது.

இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். ஆரம்ப மீதி தெரியாமல் கணக்கேடு எழுத முடியாது என்பது வணிகம் படித்தவர்களுக்குத் தெரியும். நமது குடும்பங்களின் ஆரம்ப மீதி இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டது. நாற்பது வயதில் வயலில் விழுந்து இறந்த பெரியப்பாவையும், முதுகு வலிக்கிறது என்று படுத்து எழும்பாத மாமியையும் “மாரடைப்பு” என்று சொல்லி மூடிவிட்டோம். பிரேத பரிசோதனையும் இல்லை, பத்திரமும் இல்லை. எல்லாமே பெருநாடி நோயாக இருந்திராது. ஆனால் ஒன்று இருந்திருந்தாலும் பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்.

ஊரிலும் பிற நாடுகளிலும் உள்ள மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்: யார், எந்த வயதில், எப்படி இறந்தார்கள்? அதைக் குடும்ப வைத்தியரிடம் கொடுப்போம். பிறஷர் குளிசையை இடையில் நிறுத்தாமலும் புகைக்காமலும் இருப்போம். அவசர பிரிவில் மொழி தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம். வலி எந்தக் கணத்தில், எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்வோம். “இது பெருநாடியாக இருக்குமா?” என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.