துப்பாக்கி டாம்பீகம்

ஜொகூர் பட்டணங்களிலே வேட்டைப் பிரியர் கூடுமிடங்களில் ஒரு புதுவகை டாம்பீகம் தலையெடுத்து வருகின்றது. முன்னே கைக்கடிகாரமும் மோட்டார் வண்டியும் மனிதனுடைய யோக்கியதைக்கு அளவுகோலாக இருந்ததுபோல, இப்பொழுது தோளில் தொங்கும் ஆயுதம் அளவுகோலாகிவிட்டது. எது பெரியது, எது விலை மிகுந்தது, எது வெகுதூரம் பாயும் என்னும் மூன்று கேள்விகளே அங்கே கேட்கப்படுகின்றன. எந்த மிருகத்துக்கு, எந்த இடத்தில், எத்தனை தூரத்தில், அதன் பின்னால் யார் நிற்கிறார் என்னும் நான்கு கேள்விகளைக் கேட்பார் அரியர். இந்நான்கையும் கேளாமல் ஆயுதம் தெரிந்தெடுப்பவர் வேட்டைக்காரர் அல்லர், விளம்பரக்காரரே என்பது நமது துணிபு.

இந்நோய் எங்கிருந்து வந்தது? 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் புலி வேட்டைக்குப் பேர்போனவர். வெள்ளைக்காரத் துரைமார்களும் பெரிய ரைபிள்களைச் சீமையிலிருந்து தருவித்து, செத்த மிருகத்தின்மேல் கால் வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படங்களே இன்றும் நம் இளைஞர்கள் மனத்தில் தொங்குகின்றன. ஆனால் அந்தக் காடு இப்பொழுது எங்கே? ஜொகூர் அரசின் சின்னத்தில் இரண்டு புலிகள் கம்பீரமாக நிற்கின்றன. காட்டிலோ, 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, தீபகற்பம் முழுவதிலும் மிஞ்சியவை நூற்றைம்பதுக்கும் குறைவு. யானையையும் காட்டெருமையையும் சுட்டுப் புகழ்பெற்ற தியோடர் ஹப்பாக் என்னும் துரையே பிற்காலத்தில் மனம் மாறி, வனவிலங்குகளைக் காக்க வேண்டுமென்று 1932 இல் பெரிய அறிக்கை எழுதினார். இன்றைய தாமான் நெகாரா அம்முயற்சியின் பலன். குருவே கைவிட்ட பெருமையைச் சீடர்கள் பிடித்துக்கொண்டு தொங்குவது என்ன அறிவு?

இனி நடப்புக்கு வருவோம். குளுவாங்கிலும் செகாமட்டிலும் கோத்தா திங்கியிலும் தோட்டக்காரனுக்கு உண்மையான தொல்லை கொடுப்பது காட்டுப்பன்றி. செம்பனைக் கன்றைக் குடைவதும் மரவள்ளிக் கிழங்கைக் கிளறுவதும் அதன் வேலை. செம்பனை மரங்கள் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடப்படுகின்றன. மட்டைகள் தாழ்ந்து கண்ணை மறைக்கின்றன. முப்பது மீட்டருக்கு அப்பால் பன்றி எது, குத்துச்செடி எது என்று பிரித்தறிவதே அரிது. இவ்விடத்துக்கு முந்நூறு மீட்டர் தூரம் குறிதவறாமல் பாயும் ரைபிள் எதற்கு? வாய்க்காலைத் தாண்டக் கப்பல் வாங்குவதற்கும் இதற்கும் என்ன பேதம்?

பன்னிரண்டு போர் துப்பாக்கி என்னும் பழைய ஆயுதமே இதற்குப் போதும். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு கனமோ, அவ்வளவு குறுக்களவு குழலுக்கு உண்டு என்பதே அப்பெயரின் பொருள். எஸ்.ஜி. என்னும் பெரிய ரவைத் தோட்டாவைப் போட்டு இருபத்தைந்து மீட்டருக்குள் சுட்டால் பன்றி நின்ற இடத்திலேயே விழும். அதற்கு அப்பால் ரவைகள் சிதறிப் பரவும். மிருகம் புண்பட்டு ஓடி, மூன்று நாள் துடித்து, எங்கோ அழுகிச் சாகும். ஆகவே கெட்டிக்காரன் தூரத்திலிருந்து சுடுபவன் அல்லன். கிட்ட நெருங்கும் வரை பொறுத்திருப்பவனே கெட்டிக்காரன். சிறு பறவைக்குரிய பொடி ரவையால் பன்றியைச் சுடுவதோ கொடுமையிலும் கொடுமை.

ரைபிள் குண்டின் சங்கதி வேறு. வேட்டை ரைபிளின் குண்டு நான்கைந்து கிலோமீட்டர் வரை பறக்க வல்லது. விளையாட்டுச் சாமான்போல் எண்ணப்படும் .22 ரைபிளின் சிறு குண்டுகூட இரண்டு கிலோமீட்டர் போகும். ஜொகூர்த் தோட்டங்களோ பெரும்பாலும் சமவெளியும் தாழ்ந்த மேடுகளுமே. குண்டைத் தடுத்துக்கொள்ள மலை இல்லை. லயங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, இருள் பிரியுமுன் வெளிக்காட்டுக்குப் புறப்படும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்கள் நம் தாய்மாரும் தந்தையருமாக இருந்தார்கள். இன்று அவர்களுள் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் மிகுதி. யாராயிருந்தாலென்ன? பன்றி என்றெண்ணி மனிதனைச் சுட்ட செய்தி பத்திரிகைகளில் வருவதை வாசகர்கள் அறிவார்கள். “என் பணம், என் ஆயுதம், உமக்கென்ன?” என்று கேட்கும் கனவானுக்கு நாம் சொல்லும் விடை இதுவே: ஆயுதம் உம்முடையது, அது குறிதவறிப் போய் விழும் இடம் உம்முடையது அன்று.

தோட்டா விஷயத்திலும் அறியாமை மிகுதி. முழுதும் உலோக உறை போர்த்த குண்டு ஊடுருவி அப்பால் போய்விடும். மிருகம் சிறு துளையோடு ஓடும். மூக்கு மெத்தென்ற ஈயக்குண்டோ உடம்புக்குள் விரிந்து விரைவில் உயிரை நீக்கும். 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் செய்யப்பட்ட இத்தகைய விரியும் குண்டுகளையே, மனிதருக்கு ஆகாத கொடுமை என்று 1899 ஆம் ஆண்டு ஹேக் மாநாடு யுத்தத்தில் விலக்கியது. யுத்தத்தில் கொடுமை எனப்பட்டது வேட்டையில் கருணையாக நிற்கின்றது. ஏனெனில் வேட்டையில் மிருகம் துடியாமல் சாக வேண்டும். பெரிய குழல் இருந்தால் எங்கே பட்டாலும் சாகும் என்பது மூடநம்பிக்கை. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானை கொன்ற பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், அவற்றுள் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் ரைபிளால்தான் வீழ்த்தினார். அவர் செய்த கொலையை நாம் மெச்சவில்லை. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்குமிடத்தைப் படித்த அவர் உழைப்பையே சுட்டுகின்றோம். குழலின் பருமன் அறிவின் சிறுமையை ஈடு செய்யாது.

அடுத்து, தொலைநோக்கிக் கண்ணாடி. பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியே உயர்ந்தது என்று நினைத்துப் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். கணக்கு ஒன்று சொல்லுவோம். கண்ணாடியின் மேல் 4, 32 என்று எழுதியிருந்தால் நான்கு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லையின் அகலம் 32 மில்லிமீட்டர் என்று பொருள். முப்பத்திரண்டை நான்கால் வகுத்தால் எட்டு. அந்த எட்டு மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வந்து சேரும். அந்தியில் இளைஞனின் கண்மணி விரிவது ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர். ஆகவே கண் முழு ஒளியையும் பெறுகின்றது. 12, 40 என்ற கண்ணாடியிலோ வருவது மூன்று மில்லிமீட்டர் சொச்சமே. பன்றி வெளிப்படும் நேரத்தில் அது இருட்டறையாகிவிடும். செம்பனை நிழலில் முப்பதடி தூரத்தில் நிற்கும் பன்றி அதில் கறுத்த மதில்போல் தெரியுமேயன்றித் தலையும் வாலும் தெரியா. மேலும், ஐயமுற்ற உருவத்தை அறியத் துப்பாக்கிக் கண்ணாடியால் பார்ப்பவன் துப்பாக்கியை அல்லவா அந்த உருவத்தின்மேல் நீட்டுகிறான்? அங்கே நிற்பது மனிதனாயின்? பார்ப்பதற்குக் கைத்தொலைநோக்கி, சுடுவதற்கே துப்பாக்கி.

கத்தியைப் பற்றிச் சில சொற்கள். மான்கொம்புப் பிடியும் பல்வரிசை முதுகும் கொண்டு முழங்கை நீளத்தில் விற்கப்படுவன சினிமாவுக்கு உதவும். தோலுரிக்க நான்கு அங்குல அலகு போதும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடியிருக்க வேண்டும். பிடி இரத்தத்தில் வழுக்காதிருக்க வேண்டும். வழி வெட்ட நம் தோட்டத்துப் பாராங்கை வெல்லும் கத்தி எந்தச் சீமையிலும் இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் அது வீட்டில் இருக்கட்டும். தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் அதை ஏந்தித் திரிவோர்க்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டம் சிறை வைத்திருக்கின்றது.

சட்டமென்றதும் நமக்கு வேதனை தரும் விஷயம் ஒன்று உண்டு. செல்வன் டாம்பீகத்துக்கு ரைபிள் தேடுகிறான். அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஏழை இளைஞன் இரும்புக் குழாயில் செய்த திருட்டுத் துப்பாக்கியை வாங்குகிறான். அது வெடித்து அவன் கையையே கொண்டுபோவது ஒரு புறமிருக்க, உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவனுக்கு 1971 ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கின்றது. பன்றிக்காக வைத்திருந்தேன் என்பது அங்கே செல்லாது. ஆயுதம் வைத்திருந்ததற்கே உயிரைப் பறித்த காலமும் இந்நாட்டில் இருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி, சுட்டதற்காக அன்று, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பதற்காகவே 1949 மே 4 இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலச் சட்டம் போய்விட்டது; ஆயினும் ஆயுதம் விளையாட்டுப் பொருளன்று என்னும் பாடத்தை நம் சமூகம் மிகுந்த விலை கொடுத்தன்றோ படித்தது? அதை மறப்பது தகுமா?

துப்பாக்கி கிட்டாதவன் கம்பிச் சுருக்கு வைக்கிறான். சுருக்குக்குப் பன்றியென்றும் புலியென்றும் தெரியாது. 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை விலக்கியிருக்கின்றது. 2022 இல் தண்டனைகளும் கூட்டப்பட்டன. பன்றித் தொல்லையைத் தீர்க்கும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்தினுடையது. உரிமமும் பயிற்சியும் உடையவரை அமர்த்தி, நாளும் நேரமும் லயத்தாருக்கு முன்கூட்டி அறிவித்து அதைச் செய்யட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஏழையைச் சட்டத்தின் வாயில் தள்ள வேண்டாம்.

சுடும் கலையில் ஆசையுள்ள இளைஞர்களுக்கு வேறு வழி இல்லையா? உண்டு. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் ரைபிளின் எடை ஐந்தரைக் கிலோவுக்கு மிகக் கூடாது. தொலைநோக்கிக் கண்ணாடி கூடாது. நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அங்கே டாம்பீகம் செல்லாது. மூச்சும் கையும் மனமும் அடங்கியவரே வெல்வர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டவர் நம் நாட்டு நூர் சூர்யானி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். ஆகவே முறைப்படி சங்கத்தில் சேர்ந்து பழகுவதே நேர்வழி.

தோட்டத் தோழர்களே! பட்டண நண்பர்களே! துப்பாக்கியின் விலையைக் கேட்டு வியப்பதை விட்டு, “எத்தனை முறை சுடாமல் திரும்பினீர்?” என்று அதன் சொந்தக்காரரைக் கேளுங்கள். உருவம் தெளியாதபோதும், தூரம் மிகும்போதும், பின்னால் லயம் இருக்கும்போதும் விரலை அடக்கியவர் எவரோ அவர் கையில் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியும் நல்லாயுதமே. அவ்வடக்கம் இல்லாதவர் கையில் உலகத்து உயர்ந்த ரைபிளும் ஊருக்குக் கேடே.