பங்காளி வழக்கில் பொய்ச் சாட்சி

பங்காளிச் சண்டை இன்னதென்று கொங்கு நாட்டாருக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வரப்பு ஒரு முழம் நகர்ந்ததனால் மூன்று தலைமுறையாகப் பேச்சற்றுப் போன வீடுகளைக் காங்கயத்திலும் காணலாம், கோபிசெட்டிபாளையத்திலும் காணலாம். கிணற்றில் தண்ணீர் முறை, தோப்பில் பாகம், குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை, இவற்றுக்காகக் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் சிவில் கோர்ட்டு வாசற்படியைத் தேய்த்தவர்கள் நமது நேயர்களிலும் பலர் இருப்பர். அவ்வழக்குகளில் இரு கட்சியாரும் ஆஜராகிறார்கள், பத்திரம் பார்க்கப்படுகிறது, சாட்சி குறுக்கு விசாரணைக்கு உள்ளாகிறது, தீர்ப்புப் பிடிக்காதவன் அப்பீல் செய்கிறான். ஆனால் உண்மையில் வாழ்ந்த, அல்லது வாழ்ந்தனவாக ஜனங்கள் உறுதியாக நம்புகிற, இரு வீடுகளின் பகையை டெலிவிஷன் நாடகமாக்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சிரமம் ஒன்றையும் ஏற்பதில்லை. ஒரு கட்சியை நாயகனாக்கி, மறு கட்சியை மீசை முறுக்கும் கொடியவனாக்கி, இடையே ஒரு காதலையும் செருகி, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அத்தீர்ப்பு இராச் சாப்பாட்டு வேளையில் லக்ஷக்கணக்கான வீடுகளில் வாசிக்கப்படுகிறது. அதன்மேல் அப்பீல் கிடையாது.

கொங்கு நாட்டின் தலையாய குடும்பப் பகை எதுவென்று கேட்டால், சிறு பிள்ளையும் பொன்னர் சங்கர் என்று சொல்லும். அண்ணன்மார் சாமி கதை என்றும், குன்றுடையான் கதை என்றும் இது வழங்குகிறது. பெற்றோரை இழந்த குன்றுடையானைப் பங்காளிகள் ஊரைவிட்டு விரட்டியது; அவன் தாமரையைக் கைப்பிடித்துத் திரும்பி வந்து நிலத்தை மீட்டது; அவனுடைய மக்கள் பொன்னரும் சங்கரும் பங்காளிகளைப் பழிதீர்த்தது; பங்காளிகள் வேட்டுவரோடு சேர்ந்துகொண்டது; படுகளத்தில் அண்ணன்மார் மாண்டது; தங்கை தங்காள் அவர்களைத் தேடி வந்து எழுப்பியது; இவ்வளவையும் உடுக்கை ஒலியோடு இரவிரவாகக் கேட்டு வளர்ந்த நாடு இது. மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது அப்படுகளம் இன்றும் ஜனங்களின் கண்முன் நிகழ்கிறது. கேட்டு அழுகிறவர்களுக்கு இது கட்டுக்கதையன்று. தங்கள் குலத்தின் சரித்திரம். காலம் இன்னதென்று ஆராய்ச்சியாளருக்குள் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை என்பது வேறு விஷயம்.

இக்கதை உடுக்கையோடு நின்றுவிடவில்லை. சக்திக்கனல் அதைப் பதிப்பித்தார். மு. கருணாநிதி நாவலாக எழுதினார். அந்நாவல் 2011-இல் தியாகராஜன் டைரக்ஷனில் சினிமாவாயிற்று. பிரசாந்த் ஒருவரே அண்ணனாகவும் தம்பியாகவும் நடித்தார். கானடா தேசத்து மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் 1965-இல் காங்கயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதையைப் பாடகர் வாயிலாகவே ஒலிநாடாவில் பதிந்துகொண்டார். பிற்காலத்தில் அதனையே 26 பகுதிகள் கொண்ட சித்திரப்படத் தொடராகவும் ஆக்கினார். ஆகவே அண்ணன்மார் திரைக்கு வந்தாயிற்று; இனியும் வருவர். வருவதை நாம் வரவேற்கிறோம். எந்த முகத்தோடு வருகிறார்கள் என்பதே கேள்வி.

பெக் அம்மையாருடைய உழைப்பில் நமக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. ஒரே பாடகர் ஜனங்களுக்கு முன்னே பாடிய கதை ஒன்று. அவரே எழுதுகிறவர் முன் உட்கார்ந்து சொல்லி எழுதுவித்த கதை மற்றொன்று. இரண்டும் ஒன்றல்லவென்று கண்டு, இரண்டையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறருடைய பாடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1982-இல் வெளியான அவருடைய ஆங்கில நூல் இவ்வேறுபாடுகளையே பொருளாகக் கொண்டது. பாடுகிறவர் ஒருவராயிருந்தும் கதை இரண்டாக இருக்குமானால், "இதுவே உண்மையான வரலாறு" என்று முதற்காட்சியில் எழுத்துப் போட்டுவிட்டு ஒரே பாடத்தைக் காட்டும் நாடகக்காரருடைய தைரியத்தை என்னென்பது!

இன்னொன்று. அம்மையார் பதிந்த கதையில் வேட்டுவரோடு சண்டை எப்படி மூண்டது தெரியுமா? தங்காள் கிளி வேண்டுமென்று ஆசைப்படுகிறாள். சங்கர் தன் உற்ற துணைவன் சாம்புவனோடு வேட்டுவர் வனத்திற்குள் புகுந்து பிடித்து வருகிறான். பிடிபட்டது ஆண் கிளி. தப்பிய பெண் கிளி வேட்டுவ இளவரசியிடம் பறந்துபோய் முறையிடுகிறது. அதன்பின்தான் கொம்பன் என்னும் காட்டுப் பன்றி அண்ணன்மார் வயல்களை உழக்க வருகிறது. அதாவது பிறர் காட்டில் முதலில் கை வைத்தவர்கள் நமது நாயகர்களே. பாட்டு இதை மறைக்கவில்லை. சங்கருடைய முன்கோபத்தையும் மறைக்கவில்லை. பங்காளிகளின் குழந்தைகள்மேல் கூட அவன் கை நீண்டதைச் சொல்கிறது. படிப்பு வாசனை அதிகமில்லாத கிராமத்துப் பாடகனுக்கு எதிர்க்கட்சியின் முறையீட்டையும் சபையில் வைக்கும் நியாய புத்தி இருந்தது. கிளியை எடுத்துவிட்டுப் பன்றியை மட்டும் காட்டினால் என்ன ஆகும்? வேட்டுவர் காரணமின்றி வந்து விளைச்சலை அழித்த துஷ்டர்களாகிவிடுவர். வேட்டுவக் கவுண்டர்கள் புராணத்து அரக்கர்கள் அல்லர். இன்றும் கொங்கு நாட்டில் ஏர் பிடித்தும் கடை வைத்தும், வெள்ளாளக் கவுண்டர்களுக்கு அடுத்த தெருவில் வாழ்கிறவர்கள். அவர்கள் பிள்ளை அதே நாடகத்தை அதே இரவில் பார்க்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதற்கு என்ன பெயர் கிடைக்குமென்று நாடகக்காரர் யோசிப்பதில்லை.

பன்றியைச் சொன்னதும் வேறொரு பன்றி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் கென்டக்கிக்கும் மேற்கு வர்ஜீனியாவுக்கும் இடையே ஓடும் டக் ஆற்றங்கரையில், ஹாட்ஃபீல்டு, மெக்காய் என்று இரு வம்சத்தார் இருந்தனர். 1878-இல் ஒரு பன்றி யாருடையதென்று அவர்களுக்குள் வழக்கு நடந்தது. ஜூரிகளில் மெக்காய் வம்சத்தவர் ஒருவரே எதிர்க்கட்சிக்குச் சாதகமாகச் சொன்னதால் மெக்காய்கள் தோற்றனர். பிறகு 1882-இல் கொலைகள், 1888 புத்தாண்டு இரவில் வீட்டுக்குத் தீ, 1890-இல் ஒருவனுக்குத் தூக்கு. 2012 மே மாதத்தில் ஹிஸ்டரி சானல் இதனை மூன்று இரவு நாடகமாக்கிற்று; ஒரு கோடிக்கு மேற்பட்டவர் பார்த்தனர். அந்த அமெரிக்க மலைகளும் காடுகளும் ருமேனியா தேசத்தில் படமாக்கப்பட்டவை என்பது ஒரு வேடிக்கை. ஆனால் மலை மாறியதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஆல்டினா வாலர் என்னும் சரித்திர ஆசிரியை 1988-இலேயே ஆவணங்களைத் துருவி எழுதிய நூலில், இப்பகையின் அடியில் இருந்தது நிலமும் மரக்காடும் என்று காட்டினார். பெர்ரி கிளைன் என்பவர் தமக்கு வந்த 5,000 ஏக்கர் காட்டை ஹாட்ஃபீல்டு தலைவரிடம் வழக்கில் இழந்தார். பிற்பாடு அவரே வக்கீலாகி, ஆறிக் கிடந்த பழைய வாரண்டுகளைத் தூசி தட்டி எடுத்தார். இது நம் கோவை நேயர்களுக்கு உடனே விளங்கும். ஜனங்களின் மனத்தில் நிற்பது பன்றியும் காதலும் துப்பாக்கியும், மறைந்துபோவது நிலம்.

நாம் குறை கூறுவது இதனையே. உடை தவறலாம், வாளின் வடிவம் தவறலாம், இருவர் தனியே பேசிய பேச்சை நாடகாசிரியர் கற்பனை செய்தே தீரவேண்டும். அவற்றைச் சுட்டிக் காட்டிச் சந்தோஷப்படும் பண்டிதர்களோடு நமக்கு ஒட்டில்லை. ஆனால் யார் நிலம், யார் முதலில் அபகரித்தது, யார் முதலில் அடித்தது, எவ்வளவு பேர் மாண்டனர், யார் மன்னிப்புக் கேட்டது, இவற்றில் கை வைப்பது வேறு. அது அலங்காரமன்று; வழக்கின் உயிர்நிலை. காணியைப் பற்றிய சண்டையைக் கோபத்தைப் பற்றிய சண்டையாக மாற்றிவிட்டால், காணியை இழந்தவன் இரண்டாம் முறையும் இழக்கிறான்.

"இக்கதையில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்னும் வாசகம் ஒன்றுண்டு. கண் இமைப்பதற்குள் மறைந்து போகும். ஊர் பேர் உண்மை, குலப் பேர் உண்மை, கோயில் உண்மை, கற்பனை மாத்திரம் பாத்திரமாம்! "உண்மைச் சம்பவம்" என்று சுவரொட்டியில் விளம்பரம் செய்து கூட்டம் சேர்ப்பதும், கேள்வி பிறந்ததும் "கற்பனை" என்று கதவைச் சாத்திக்கொள்வதும் ஒரே வாயால் எப்படி முடிகிறது? பிரிட்டிஷ் ராஜ குடும்பத்தைப் பற்றிய 'தி கிரவுன்' தொடரைக் குறித்து, 2022 அக்டோபரில் நடிகை ஜூடி டெஞ்ச் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய பின்னரே, அதன் முன்னோட்டத்தில் இது கற்பனை கலந்த நாடகம் என்னும் குறிப்புச் சேர்ந்தது. அரண்மனைக்கு அந்தக் குறிப்பாவது கிடைத்தது. அந்தியூர்க் குடியானவனுக்காக யார் கடிதம் எழுதுவார்?

சட்டம் காக்குமா என்று பார்த்தோம். நக்கீரன் பத்திரிகை ஆட்டோ சங்கர் சரிதையை வெளியிடப் புகுந்த வழக்கில், 1994-இல் சுப்ரீம் கோர்ட்டு இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிற்று. பிரசுரத்துக்கு முன்பே சர்க்கார் தடை விதிக்க அதிகாரமில்லை. பொது ஆவணங்களில் உள்ளதை எழுத எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. ஆவணத்தைக் கடந்து ஒருவருடைய அந்தரங்க வாழ்வை எழுதுகிறவர் அதன் விளைவை ஏற்க வேண்டும். அது உயிரோடிருப்பவருக்கு. மாண்டவருக்கு? ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாகவும் தொடராகவும் எடுப்பதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமையும் கீர்த்தியும் மரணத்தோடு முடிகின்றன. அவை வாரிசுச் சொத்தாக இறங்குவதில்லை என்று சென்னை ஹைகோர்ட்டு 2021-இல் கூறிவிட்டது. வீட்டுக்கு வாரிசு உண்டு. பெயருக்கு வாரிசு இல்லை. சட்டத்தின்படி இது சரியாகவே இருக்கலாம். அப்படியாயின் மாண்டவர்களுடைய பெயரைக் காக்கும் பொறுப்பு கோர்ட்டை விட்டு நாடகக்காரரிடத்தும், பார்க்கிற நம்மிடத்தும் வந்து சேருகிறது.

இவ்விடத்தில் நம்முடைய நேயர்களிலேயே சிலருக்குக் கை துறுதுறுக்கும். "தடை செய்யச் சொல்லுங்கள், கடையடைப்பு நடத்துங்கள்" என்பார்கள். அவர்களுக்கு நாம் ஸ்பஷ்டமாகச் சொல்ல விரும்புகிறோம்: கொங்கு நாடு அந்த வழியில் ஒருமுறை போய் வெட்கப்பட்டாயிற்று. பெருமாள்முருகன் 2010-இல் எழுதிய 'மாதொருபாகன்' திருச்செங்கோட்டை இழிவுபடுத்துகிறது என்று 2014 முடிவில் கூச்சல் எழுந்தது. புத்தகம் கொளுத்தப்பட்டது, ஊர் அடைக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'சமாதானக் கூட்டம்' என்ற பெயரால் அவரிடம் வருத்தம் எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆயிற்று. 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டு அந்தக் கூட்டத்து முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், அவர் தொடர்ந்து எழுத வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அப்போது கூச்சலிட்டவர்களும் "சரித்திர உண்மை" என்றே சொன்னார்கள். அந்நியருடைய வாய்ப்பூட்டுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர்களின் நாட்டில், அதே பூட்டை நம் கையாலேயே செய்து நம் எழுத்தாளர் வாயில் மாட்டுவதா? பொய்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதே முறை. சாட்சிக் கூண்டைக் கொளுத்துவது முறையன்று.

குறுக்கு விசாரணையை எப்படிச் செய்வது? அண்ணன்மார் கதையையோ வேறு குடும்பப் பகையையோ எடுக்கிறவர் முதலில் இரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார வேண்டும். வெள்ளாளர் வாய்மொழியைக் கேட்டது போல வேட்டுவர் வாய்மொழியையும், சாம்புவனைத் தம்மவன் என்று போற்றும் பறையர் வாய்மொழியையும் கேட்கவேண்டும். எந்தப் பாடத்தைப் பின்பற்றினார், எங்கே அதனை மாற்றினார் என்பதைத் தொடரின் முகப்பில் ஜனங்கள் படிக்கும்படி நிறுத்திக் காட்டவேண்டும். ஒரு தொடர் முடிந்ததும் அதே சானலில் அதே நேரத்தில் மறு கட்சியார் அரைமணி பேச இடம் தரட்டும். சோப்பு விளம்பரத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் சிறிது குறைந்தால் குடி முழுகிப் போகாது. கோவையிலும் ஈரோட்டிலும் உள்ள கல்லூரித் தமிழ்த் துறையார், இருக்கும் உடுக்கைப் பாடகர்கள் எல்லாருடைய பாடத்தையும் இப்போதே பதிந்து பொதுவில் வைக்கவேண்டும். கானடாவிலிருந்து ஓர் அம்மையார் 1965-இல் வந்து செய்த காரியம் இது. நமது தேசபக்த இளைஞர்களுக்கு ஓலப்பாளையம் கானடாவை விடத் தூரமில்லை. பாடகர்களோ மூத்தவர்கள், அடுத்த மாசிப் படுகளம் வரையில் ஒத்திப் போடவும் நமக்கு மனமில்லை.